‘உது’ தமிழ் இல்லையோ? எங்கட வாய்ச்சொல்லுகள் எங்கையிருந்து வந்தது?

முற்றத்துமா (கோண்டாவில், யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். போன கிழமை என்ர மகள் பள்ளிக்கூடத்தாலை வந்து, தமிழ்க் கொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு விறாந்தை வாங்கிலை ஒண்டும் பறையாமல் இருந்தாள். திறந்து பாத்தன். ‘எங்கள் வீட்டு நாய்’ எண்டு ஒரு கட்டுரை. அதிலை ஒரு வசனம்: “படலையடியில் தயங்கி நின்ற மாமாவைப் பார்த்து, ‘உது கடியாது, பயப்படாமல் வா’ என்றார் அம்மம்மா.” ‘உது’வைச் சுத்திச் சிவப்பு வட்டம். பக்கத்திலை ‘இது / அது’ எண்டு திருத்தம். கீழை ‘கதிரை’யை வெட்டி ‘நாற்காலி’. ‘மினக்கெடாமல்’ எண்ட சொல்லுக்கு ஒரு கேள்விக்குறி.

ஆசிரியரைக் குறை சொல்ல நான் வரேல்லை. பாடப்புத்தகத் தமிழைப் படிப்பிக்கிறது அவவின்ர கடமை. ஆனால் பிள்ளை கேட்ட கேள்வி என்னை விடுகுதில்லை. “அம்மா, அப்ப அம்மம்மா கதைக்கிறது பிழைத் தமிழோ?”

இந்தச் சொல்லுகள் எங்கையிருந்து வந்தது, என்ன கருத்து எண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ. பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டவேணும். அம்மம்மாவும் பக்கத்திலை இருந்து கேப்பா.

வடமராட்சியான்

அக்கா, ‘உது’ இல்லாமல் நாங்கள் ஒரு நாள் எண்டாலும் சீவிப்பமோ? என்ர அண்ணை நோர்வேயிலை. போனிலை முதல் கேக்கிறது, “தம்பி, உங்கை மழையோ?” நான் திருப்பிக் கேக்கிறது, “உங்கை குளிரோ?” ரெண்டு பேரும் ‘உங்கை’ எண்டுதான் கேக்கிறம், ஆனால் ரெண்டும் வேற வேற இடம். ஆரோடை கதைக்கிறமோ அந்த ஆள் நிக்கிற இடம்தான் ‘உங்கை’. ‘அங்கை’ எண்டு சொன்னால் அவர் நிக்காத வேறொரு இடமாய்ப் போயிடும்.

இன்னொண்டும் இருக்கு. “உவனோடை சேராதை” எண்டு அம்மா சொன்னால், அந்தப் பொடியனிலை அவவுக்குப் பிடிப்பில்லை எண்டு அர்த்தம். ‘அவனோடை சேராதை’ எண்டால் அவ்வளவு சூடு இல்லை.

ஓய்வாசிரியர்

மகளுக்கு என் அன்பு. அவள் எழுதிய வாக்கியத்தைக் கவனமாகப் பாருங்கள். நாய் அம்மம்மாவின் அருகில் இல்லை, ஆகவே ‘இது’ பொருந்தாது. வெகு தொலைவிலும் இல்லை, ஆகவே ‘அது’வும் பொருந்தாது. கேட்பவராகிய மாமாவின் காலடியில் நிற்கிறது. அந்த இடத்துக்கென்றே தமிழ் வைத்திருக்கும் சுட்டு உகரம்.

‘அ இ உ அம்மூன்றும் சுட்டு’ என்கிறது தொல்காப்பியம். மூன்று என்றுதான் சொல்கிறது. இரண்டாகக் குறைந்தது பிற்காலத்துப் பெருவழக்கில். யாழ்ப்பாணப் பேச்சு மூன்றையும் வைத்துக்கொண்டது.

திருக்குறளில் 1185ஆவது குறளையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உவக்காண்எம் காதலர் செல்வார் இவக்காண்என்
மேனி பசப்பூர் வது.

தலைவன் பிரிந்து போகிறான். இன்னும் கண்ணை விட்டு மறையவில்லை. ‘அதோ போய்விட்டார்’ என்று சொல்லும் தூரமும் இல்லை, கை நீட்டித் தொடும் தூரமும் இல்லை. அதற்குள் இவள் உடம்பில் பசலை ஏறத் தொடங்கிவிட்டது. அவன் நிற்கும் அந்த இடைத்தூரத்தை ‘உவ’ என்ற இரண்டு எழுத்தில் வள்ளுவர் சொல்லிவிட்டார். ‘உங்கை’, ‘உவன்’ என்று அன்றாடம் பேசுகிறவனுக்கு இந்தக் குறளில் உரையாசிரியர் உதவி தேவைப்படாது. நாற்பது வருடம் வகுப்பில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் குறள் ஒரு தடவை சொன்னாலே விளங்கும்.

மதுரைவாசி

ஐயா, இந்தக் குறளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். ‘உவக்காண்’ என்பதற்கு ‘அதோ பார்’ என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். இன்றைக்குத்தான் அதன் தூரம் தெரிந்தது. நன்றி.

எங்கள் பக்கம் ‘உது’ பேச்சில் கிடையாது. ‘கதிரை’யும் கிடையாது, ‘நாற்காலி’ அல்லது ‘சேர்’தான். கதிர் போலக் கால் விரிந்து நிற்பதால் கதிரை என்று வந்ததாக ஒருவர் சொன்னார். சரிதானா?

பட்டறைக்காரன் (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

இல்லை அண்ணை. கதிருக்கும் கதிரைக்கும் தொடர்பில்லை. அது போர்த்துக்கேயரின்ர ‘கதெய்ரா’.

நான் மரவேலைப் பட்டறை வைச்சிருக்கிறன். என்ர பட்டறையிலை நிக்கிற சாமான் எல்லாத்துக்கும் அவங்கள்தான் பேர் வைச்சவங்கள். மேசை ‘மேசா’. அலுமாரி ‘அர்மாரியு’. வாங்கு ‘பாங்கு’, அதாவது நீட்டு இருக்கை. யன்னல் ‘ஜனெலா’. கல்லுக் கிளப்புற அலவாங்கும் அவங்கட ‘அலவாங்கா’தான். மேசையிலை இழுக்கிற லாச்சி மட்டும் ஒல்லாந்தரின்ர. சின்ன இழுப்பறையை அவங்கள் ‘லாச்சே’ எண்டுவாங்கள்.

போன மாரியிலை ஒரு ஆச்சி பழைய வேப்பமர மேசை ஒண்டைக் கொண்டு வந்தா. “மோனை, லாச்சி இறுகிப் போச்சு, இழுக்க வருகுதில்லை, எப்பன் பாத்து விடு.” மழைக்கு மரம் ஊறிப் பொருமியிருந்தது. ஓரத்தைச் சீவி, மெழுகுதிரி பூசி விட்டன். அந்தக் கதையிலை ‘மோனை’ எண்டது மகனே. ‘லாச்சி’ ஒல்லாந்து. ‘மேசை’ போர்த்துக்கல். ‘பொருமினது’ நல்ல தமிழ். ஆச்சிக்கு எல்லாம் ஒண்டுதான்.

தூயதமிழ்

மன்னிக்க வேண்டும். ‘உது’ நம்முடையது, காப்போம். ஆனால் கதிரை, குசினி, அலுமாரி என்பவை நம்மை அடக்கி ஆண்டவர்கள் விட்டுச் சென்றவை. ஆசிரியர் ‘கதிரை’யை வெட்டியது சரியே. நாற்காலி, சமையலறை, நிலைப்பேழை என்று சொல்வதில் என்ன சிரமம்? மொழி நம் அடையாளம். பிள்ளைகள் தூய சொற்களைப் பழக வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

முற்றத்துமா

உங்கட அக்கறை விளங்குது. ஆனால் ஒண்டை யோசியுங்கோ. இந்தியாவிலை பூட்டைத் திறக்கிறதை ‘சாவி’ எண்டுவினம். அது போர்த்துக்கேயரின்ர ‘சாவ்’. நாங்கள் ‘திறப்பு’ எண்டுறம். திற, திறப்பு. இதைவிடத் தூய தமிழ் எங்கை இருக்கு? கதிரைக்காக எங்களுக்குச் சிவப்புப் பேனை எண்டால், சாவிக்கு ஆர் கோடு போடுறது? ஒரு வீட்டுக்குள்ளை ரெண்டும் இருக்கும். வந்ததும் இருக்கும், பிறந்ததும் இருக்கும்.

அம்மா சொல்லுறா, “குசினியைச் சமையலறை எண்டு சொன்னால் எனக்கு வேற ஆற்றையோ வீட்டுக்குள்ளை போன மாதிரி இருக்கும்.” அவ பொய் சொல்லேல்லை.

ஓய்வாசிரியர்

அடக்கி ஆண்டவர்கள் என்பது வரலாறு, மறுக்கவில்லை. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினர். 1658இல் கோட்டை ஒல்லாந்தர் வசமானது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். போர்த்துக்கேயர் இங்கே முழுமையாக ஆண்டது நாற்பது வருடம்கூட இல்லை. ஆனாலும் ஒல்லாந்தர் காலத்தில்கூடக் கரையோரப் பட்டினங்களில் பல இனத்தவரும் தமக்குள் பேசப் பயன்பட்டது ஒருவகைப் போர்த்துக்கேயமே. அதனால்தான் அந்தச் சொற்கள் இவ்வளவு ஆழமாக இறங்கின.

எந்தச் சொல் எந்த இடத்துக்குப் போனது என்று பாருங்கள். போர்த்துக்கேயம் வீட்டுக்குள்ளும் உடம்பின் மேலும் போனது: குசினி, தாச்சி (வாணலி), பாண் (ரொட்டி), துவாய் (துண்டு), சப்பாத்து (காலணி), லேஞ்சி (கைக்குட்டை). ஒல்லாந்தம் பெரும்பாலும் அரசாங்கத்தின் வாசலில் நின்றது: கந்தோர் (அலுவலகம்), நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்). கக்கூசும் அவர்கள் தந்ததே. யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமாகிய தேசவழமையை 1707இல் எழுத்தில் கொண்டுவந்தவர்களும் ஒல்லாந்தரே. காணிப் பதிவேடாகிய தோம்பை அவர்களும் எழுதினர், ஆனால் ‘தோம்பு’ என்ற சொல்லோ போர்த்துக்கேயம். ஆட்சி மாறியபோதும் பழைய பெயர் மாறவில்லை.

தள்ளுபடி செய்வதற்கு முன் இதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு தாச்சிக்குள் நாலு நூற்றாண்டு இருக்கிறது.

தூயதமிழ்

திறப்பு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். இதுவரை நான் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. மற்றதில் என் கருத்து அப்படியே இருக்கிறது. எழுத்தில் தூய சொல்லுக்கே முதலிடம்.

ரொறன்ரோ மச்சாள்

இழையை வாசிச்சு முடிக்க அழுகை வந்திட்டுது. என்ர அப்பம்மா அளவெட்டியிலை தோட்டம் செய்தவ. தண்ணி இறைக்கிற மிசின் காலமை இழுத்தால் ஸ்ராட் வராது. கயிறைச் சுத்துவா, இழுப்பா, பிறகும் சுத்துவா. நாலாம் தரம் இடுப்பிலை கையை வைச்சுக்கொண்டு, “இந்தக் கோதாரி இண்டைக்கும் என்னை அந்தரப்படுத்துது” எண்டுவா.

வளந்த பிறகுதான் தெரியும், கோதாரி எண்டது கொள்ளைநோயின்ர பேர். 19ஆம் நூற்றாண்டிலை யாழ்ப்பாணத்திலை வாந்திபேதி திரும்பத் திரும்ப வந்து ஊரூராய்ச் சனத்தைக் கொண்டு போனது. மானிப்பாயிலை வைத்தியம் பாத்த சமுவேல் கிறீன் 1847இலை வந்தவர், அந்தக் காலத்து ஆள்தான். “கோதாரியிலை போவான்” எண்டு முதல் ஏசின மனிசிக்கு அந்தச் சாவு கண்ணுக்கு முன்னாலை நிண்டிருக்கும். அப்பம்மாவுக்கு அது ஸ்ராட் வராத மிசின். எனக்கு இஞ்சை பனிக்குள்ளை நிண்டு போற கார். சொல்லு அதே சொல்லு, பயம் மட்டும் கழண்டு போச்சு. அப்பிடிக் கழண்டது நல்லதுதான்.

‘அந்தரம்’ எண்டதையும் ஆராவது எழுதுங்கோ. அதுக்கு இங்கிலீசிலை எனக்கு இண்டு வரைக்கும் ஒரு சொல்லுக் கிடைக்கேல்லை.

வடமராட்சியான்

அந்தரம் எண்டால் நடு வெளி மச்சாள். மேலையும் இல்லாமல் கீழையும் இல்லாமல் தொங்கிறது. வடமொழிச் சொல்லு. “ஏன் அந்தரப்படுறாய், பஸ் வரும்” எண்டால், மனம் நிலத்திலை காலை ஊண்டாமல் தொங்குது எண்டு அர்த்தம். பதகளிப்பும் (பதற்றம்) இருக்கும், அவசரமும் இருக்கும்.

‘ஆக்கினை’யும் அப்பிடித்தான். ராசாவின்ர ஆணை, ஆஞ்ஞை. அது தண்டனை எண்டு ஆகி, பிறகு வேதனை எண்டு ஆகி, இப்ப “இந்தப் பொடியனாலை ஒரே ஆக்கினை” எண்டுறம். அரண்மனையிலை தொடங்கின சொல்லு குழப்படிப் பொடியனிலை வந்து நிக்குது.

மதுரைவாசி

யாரும் ‘மினக்கெடு’ பக்கம் வரவில்லையே. நாங்களும் ‘மெனக்கெட்டு’ என்போம். ஆனால் அது பாராட்டு. “மெனக்கெட்டு வந்து உதவி செஞ்சாரு” என்றால் சிரமம் எடுத்துக்கொண்டு வந்தார் என்று பொருள். பிள்ளை எப்படி எழுதியிருந்தாள்?

முற்றத்துமா

“‘வழியில் மினக்கெடாமல் கடைக்குப் போய் வா’ என்றார் அம்மம்மா.” எங்களுக்கு அது நேரத்தை வீணாக்கிறது. கதை பேச்சிலை நிண்டு பிந்துறது.

ஓய்வாசிரியர்

இரண்டும் ஒரே சொல். வினை + கெடு. தன் வேலை கெட நிற்பது. ‘வினைக்கெடு’ வாயில் புழங்கி மினக்கெடு, மெனக்கெடு என்றாயிற்று.

மதுரையில் ஒருவர் இன்னொருவருக்காகத் தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு வருகிறார், ஆகவே அது பாராட்டு. கோண்டாவிலில் சிறுமி ஒருத்தி தெருவில் பராக்குப் பார்த்துத் தன் வேலையைக் கெடுக்கிறாள், ஆகவே அது கண்டிப்பு. கெடுவது இரண்டிலும் அவரவர் வேலையே. கடலின் இரு கரையும் ஒரு சொல்லின் இரண்டு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கேள்விக்குறி போட வேண்டிய சொல் அல்ல இது.

யாழ்ப்பாணத்தில் சொற்களைத் தொகுத்து வைக்கும் பழக்கம் நேற்றுத் தொடங்கியதல்ல. 1842இல் மானிப்பாய் அச்சகத்தில் 58,500 சொற்கள் கொண்ட அகராதி அச்சாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாக வெளியிட்ட பேரகராதியிலும் யாழ்ப்பாண வழக்கு என்ற குறிப்போடு பல சொற்கள் ஏறியிருக்கின்றன.

மட்டுநகர் வாவி

நாங்களும் வந்திட்டம். யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தி “பேந்து வாறன்” எண்டு சொல்லிப்போட்டுப் போக, நான் முழிச்சிக்கொண்டு நிண்டன். பிறகு என்கிறதுக்கு நாங்க ‘மறுகா’ என்பம். மறுகா வாறன். திரும்பிப் பார் என்கிறதுக்குக் ‘கிறுகிப் பார்’. ஏலாது என்கிறதுக்கு ‘ஒண்ணா’. பேந்து எங்க இருந்து வந்த?

வடமராட்சியான்

பெயர்ந்து, பேந்து. போய்த் திரும்புறதுதான் பெயர்றது. உங்கட ‘மறுகா’வும் மறு எண்டதாலைதானே வருகுது. ரெண்டிலையும் திரும்பி வாற கருத்து இருக்கு. ‘ஒண்ணா’ எவ்வளவு வடிவான சொல்லு! ஒன்றாது, ஒண்ணாது. விட்டுடாதேங்கோ.

இளையவன்23

அண்ணாக்கள், அக்காக்கள், எனக்கு ரெண்டு சொல்லு விளங்கேல்லை. அப்பா ஆரோடையும் பழைய கதை கதைக்கேக்கை ‘சகடை’ எண்டுறார், ‘ஜாம்போத்தல்’ எண்டுறார். கேட்டால் “அதெல்லாம் உனக்கேன்” எண்டு எழும்பிப் போயிடுறார். இதுகளும் இந்த இழையிலை வருமோ? பிறகு, தமிழ் சேர் எங்களைப் ‘பன்னாடை’ எண்டு ஏசுவார். அது கெட்ட சொல்லோ?

பட்டறைக்காரன்

வரும் தம்பி. வரத்தான் வேணும்.

சகடம் எண்டால் வண்டில். கனத்த சத்தத்தோடை மெதுவாய் வந்து, ஊருக்கு மேலை வட்டம் போட்டுக் குண்டு போடுற பெரிய பிளேனுக்குச் சனம் வைச்ச பேர் சகடை. சத்தம் கேட்டாலே, “சகடை வருது, பங்கருக்கை இறங்கு” எண்டு அம்மா கத்துவா.

ஜாம்போத்தல் எண்டது விளக்கு. தொண்ணூறுகளிலை கரண்டும் இல்லை, பொருளாதாரத் தடையாலை மண்ணெண்ணெயும் யானை விலை. லாம்பு எரிச்சுக் கட்டாது. வெறும் ஜாம் போத்தலின்ர அடியிலை பஞ்சு வைச்சு, அது ஊறுற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிசாய் ஒரு திரி. போத்தலின்ர கண்ணாடிதான் சிமிலி. சுடர் பயத்தங்கொட்டை அளவுதான் நிக்கும். நானும் தங்கச்சியும் அதுக்கு ரெண்டு பக்கமும் தலையைக் குனிஞ்சு ஓஎல் சோதனைக்குப் படிச்சனாங்கள். விடிய எழும்பினால் மூக்குக்குள்ளை கரி. உங்கட அப்பா எழும்பிப் போறதிலை பிழை இல்லை. ஒரு நாளைக்கு அவராய்ச் சொல்லுவார், பக்கத்திலை இரும்.

ஓய்வாசிரியர்

பன்னாடைக்கு நான் பதில் சொல்கிறேன். பனையின் மட்டையடியில் வலைபோல இருக்குமே, அது. கள்ளை அதில் வடிப்பார்கள். நல்லது கீழே ஓடிவிடும், மண்டியும் பூச்சியும் அதில் தங்கும். மாணாக்கர் வகையைச் சொல்லும்போது நன்னூல் ‘நெய்யரி’ என்று ஒன்றைக் கடைமாணாக்கனுக்கு உவமை சொல்கிறது. உரைகாரர் அதற்குத் தரும் பொருள் பன்னாடை. சாரத்தை விட்டுச் சக்கையைப் பிடித்து வைப்பவன். உங்கள் ஆசிரியர் கெட்ட சொல் சொல்லவில்லை, நன்னூல் சொல்லியிருக்கிறார். ஆயினும் பிள்ளைகளைப் பார்த்து அப்படிச் சொல்லாமல் விடுவதே நல்லது. நானும் சொல்லியிருக்கிறேன், அதற்காக வருந்துகிறேன்.

முற்றத்துமா

எல்லாருக்கும் நன்றி. முந்தநாள் மகளோடை போய் ஆசிரியரைக் கண்டன். சண்டைக்குப் போகேல்லை. குறளைத்தான் காட்டினன். அவ வாசிச்சிட்டுக் கனநேரம் கொப்பியையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு சொன்னா, “சோதனையில் பொதுத்தமிழில்தான் எழுதவேண்டும், அதை நான் மாற்ற ஏலாது. ஆனால் இது அம்மம்மா பேசிய வாக்கு. மேற்கோளுக்குள் அவர் பேசியபடிதான் இருக்கவேணும்.” ‘உது’வுக்குப் போட்ட வட்டத்துக்குப் பக்கத்திலை தன்ர கையாலை சரி போட்டா. கதிரை நாற்காலியாய்த்தான் நிக்குது. தூயதமிழ் சந்தோசப்படலாம்.

மகள் இப்ப ஒரு கொப்பி வைச்சிருக்கிறாள். அம்மம்மா ஏசினாலும் எழுதுறாள். நேற்றையான் கணக்கு: அரியண்டம் (தொல்லை), கொழுவல் (சண்டை), கண்டறியாத. “கண்டறியாத போன்” எண்டு அம்மம்மா சொன்னதுதான். கண்டும் அறியாத ஒண்டு எண்டால் அதிசயம் எல்லோ வரவேணும், ஏன் அம்மம்மா கோவத்திலை சொல்லுறா எண்டு கேட்டாள். “ஊர் உலகத்திலை இல்லாத ஒண்டைப் பெரிசாய்க் கொண்டாடினால் வேற என்னெண்டு சொல்லுறது?” எண்டா அம்மம்மா. அதையும் அப்பிடியே எழுதி வைச்சிருக்கிறாள்.

ரொறன்ரோ மச்சாள்

பட்டறைக்காரத் தம்பி, ஒரு உதவி. அளவெட்டியிலை அப்பம்மாவின்ர சாய்மனைக் கதிரை கிடக்குது. பிரம்பு எல்லாம் அறுந்து போச்சு. எறியச் சொல்லுகினம், எனக்கு மனமில்லை. பாத்துத் திருத்தித் தருவீரோ?

பட்டறைக்காரன்

ஓம் அக்கா. சட்டம் உழுக்கேல்லை எண்டால் பிரம்பு பின்னிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை லான்ட்மாஸ்ரர் வண்டியோடை வாறன். வீட்டுத் திறப்பைப் பக்கத்து வீட்டிலை குடுத்துவிடச் சொல்லுங்கோ.